மூன்று வால்வுகளை ஒன்றாகக் கோத்தவர்: லீ டி பொரஸ்ட்டின் கதை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியில் ஒரு நாள் போய் வந்தால் எத்தனை அம்பிளிபயரின் சத்தம் காதில் விழும் என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா? பள்ளிவாசல்களின் வாங்கு, பாண் ஆட்டோவின் மெட்டு, லொத்தர் சீட்டு விற்பவரின் அறிவிப்பு, கல்யாண வீட்டுப் பாட்டு, தேர்தல் வந்தால் சந்திக்குச் சந்தி மேடை. நமது கரையோரம் சத்தத்தில் வாழும் கரையோரம். ஆனால் அந்தச் சத்தத்தைப் பெருக்கும் வேலையை முதன்முதலில் அடுக்கடுக்காகச் செய்து காட்டிய மனிதரின் பெயரைக் கேட்டால், ரேடியோ திருத்துபவர்களில்கூடப் பலர் கையை விரிப்பார்கள். மார்க்கோனியைத் தெரியும், எடிசனைத் தெரியும். லீ டி பொரஸ்ட்டைத் தெரியாது.

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் உம்மாவின் தம்பி, நாங்கள் சின்ன மாமா என்று கூப்பிடுபவர், கல்முனைக் கடைத்தெருவில் நீண்ட காலம் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். பாடசாலை விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். ஒரு செட் ஊமையாகி வந்தால் மாமா மீட்டரை எடுக்க மாட்டார். முதலில் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து தொடங்குவார். கடைசிக் கட்டத்தின் உள்வாயிலை ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் தொடுவார். கர்ர் என்று ஒரு சத்தம் வரும். அதற்கு முந்திய கட்டத்தைத் தொடுவார். சத்தம் இன்னும் பெரிதாக வரவேண்டும். வராவிட்டால் கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் வால்விலோ ட்ரான்சிஸ்டரிலோ அல்ல, இரண்டுக்கும் நடுவில். ஒரு கட்டத்தை அடுத்த கட்டத்தோடு கோக்கும் அந்தச் சின்னக் கண்டென்சரில்.

பாடப்புத்தகம் இதைக் கொள்ளளவி என்கிறது, அம்பிளிபயரை விரியலாக்கி என்கிறது. கடையில் அது கப்ளிங் கண்டென்சர்தான். இந்தக் கட்டுரையின் நாயகன் வாழ்க்கையில் எதையாவது உருப்படியாகச் செய்தாரென்றால், அது இந்த நடுவிடத்தில்தான் செய்தார் என்பது என் எண்ணம். அவரே அப்படி நினைக்கவில்லை. அவர் தன்னை ரேடியோவின் தந்தை என்று அழைத்துக்கொண்டார். 1950இல் வெளியிட்ட சுயசரிதைக்கும் அதையே தலைப்பாக வைத்தார்.

லீ டி பொரஸ்ட் 1873 ஓகஸ்ட் 26ஆம் திகதி அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கவுன்சில் பிளஃப்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் ஒரு கிறிஸ்தவ போதகர். மகனுக்கு ஆறு வயதளவில் தகப்பனுக்கு அலபாமாவில் உள்ள டலடேகா கல்லூரியின் தலைவர் பதவி கிடைத்தது. அது அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவருக்காக நடத்தப்பட்ட கல்லூரி. அந்த ஊர் வெள்ளையர்கள் இந்தக் குடும்பத்தைத் தங்களில் ஒருவராகச் சேர்க்கவில்லை. பையனுக்கு விளையாடக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள்தான். ஒதுக்கிவைக்கப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்கு இரண்டு வழி இருக்கும்: ஒடுங்கிப் போவது அல்லது உலகமே தன்னைப் பார்க்க வேண்டும் என்று வெறி கொள்வது. இவர் இரண்டாவது வகை.

தகப்பனுக்கு மகன் போதகராக வேண்டும் என்று ஆசை. நம் ஊரில் மௌலவி வீட்டுப் பிள்ளை இயந்திரவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் அங்கும் நடந்தது. கடைசியில் தகப்பன் விட்டுக்கொடுத்தார். 1893இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஷெஃபீல்ட் விஞ்ஞானப் பள்ளியில் சேர்ந்தார். 1896இல் தகப்பன் காலமானார். 1899இல் லீ கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், சமாந்தரக் கம்பிகளின் முனைகளில் ஹேர்ட்ஸ் அலைகள் தெறிப்பது பற்றியது. அமெரிக்காவில் ரேடியோ அலைகள் குறித்து எழுதப்பட்ட ஆரம்பகால ஆய்வேடுகளில் அதுவும் ஒன்று.

படிப்புக்குப் பின் வந்த பத்து ஆண்டுகளை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் அவை ஏறத்தாழ ஒரே கதைதான். 1902இல் ஏப்ரஹாம் வைட் என்ற பங்கு வியாபாரியோடு சேர்ந்து கம்பியில்லாத் தந்திக் கம்பனி தொடங்கினார். வைட்டுக்குத் தந்தியைவிடப் பங்கு விற்பதில்தான் அக்கறை. கண்காட்சிகளில் கோபுரம் கட்டினார்கள், சனம் பங்கு வாங்கியது, காசு எங்கோ போனது. மற்றவர்களின் கண்டுபிடிப்பைத் தழுவியதாக வழக்குகளும் வந்தன. 1906இல் டி பொரஸ்ட் தன் பெயர் கொண்ட கம்பனியிலிருந்தே வெளியேற நேர்ந்தது. கையோடு கொண்டு போனவற்றில் ஒன்று, அப்போது யாரும் பெரிதாக மதிக்காத ஒரு கண்ணாடிக் குமிழ் பற்றிய உரிமை.

அந்தக் குமிழுக்கு ஒரு முன்கதை உண்டு. மின்குமிழுக்குள் இன்னொரு தகட்டை வைத்தால் சூடான இழையிலிருந்து தகட்டுக்கு மின்னோட்டம் பாய்கிறது என்பதை எடிசன் 1880களில் கவனித்திருந்தார். 1904இல் இங்கிலாந்தில் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் அதை வைத்து இருவாயி வால்வைச் செய்தார். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கதவு அது. பெருக்காது. டி பொரஸ்ட் செய்தது, இழைக்கும் தகட்டுக்கும் நடுவே வளைத்து மடித்த ஒரு கம்பியைச் செருகியது. 1906 இறுதியில் நியூயோர்க்கில் மெக்கன்ட்லெஸ் என்ற குமிழ் செய்பவரிடம் சொல்லி அதைச் செய்வித்தார். 1907 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1908 பெப்ரவரியில் கிடைத்தது. உதவியாளர் ஒருவர் வைத்த பெயர் ஓடியன்.

நடுவில் உள்ள கம்பிக்குச் சிறு மின்னழுத்தம் கொடுத்தால், தகட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டம் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. வாய்க்கால் பலகையை ஒரு விரலால் ஏற்றி இறக்கினால் வயலுக்குப் பாயும் தண்ணீர் முழுவதும் கூடிக் குறைவது போல. விரலின் பலம் சிறிது, தண்ணீரின் பலம் பெரிது. பெருக்கம் என்பது இவ்வளவுதான்.

ஆனால் அதைச் செய்தவருக்கு அது எப்படி வேலை செய்கிறது என்பது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. குமிழுக்குள் மிச்சமிருக்கும் வாயுதான் வேலை செய்கிறது, வாயுவை முழுதாக உறிஞ்சிவிட்டால் ஓடியன் செத்துவிடும் என்று அவர் நம்பினார். உண்மை நேர் எதிரானது. வெற்றிடம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு வால்வு நம்பத்தக்கதாக இருக்கும். இதை வைத்து அவரைப் பரிகசிக்கும் எழுத்துகள் நிறைய உண்டு. எனக்கு அந்தப் பரிகாசத்தில் பெரிய உடன்பாடு இல்லை. சின்ன மாமாவுக்கு ஆங்கிலத்தில் வரும் சர்க்கிட் படத்தின் விளக்கத்தை வாசிக்கத் தெரியாது. எலெக்ட்ரோன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் கொழும்பில் கைவிட்ட செட்டுகள் அவர் மேசையில் பாடியிருக்கின்றன.

சரி, ஒரு வால்வு பெருக்குகிறது. அது போதாதா? போதாது. அந்தக் கால ஓடியன் ஒன்று, சமிக்ஞையைச் சில மடங்குதான் கூட்டும். ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அதன் வெளியீட்டை இரண்டாவது வால்வுக்குக் கொடுத்தால் இருபத்தைந்து, மூன்றாவதற்குக் கொடுத்தால் நூற்றிருபத்தைந்து. கூட்டல் அல்ல, பெருக்கல். கடதாசியில் இது மிகச் சுலபம். மேசையில் வைத்துக் கம்பியைப் பூட்டினால் ஒன்றும் நடக்காது அல்லது வால்வு எரியும்.

ஏனென்றால் முதல் வால்வின் தகட்டில் இரண்டு பேர் சேர்ந்து நிற்கிறார்கள். ஒருவர் பற்றரி கொடுக்கும் நேர்மின்னழுத்தம். பிற்கால ரேடியோ செட்டுகளில் அது 100 அல்லது 200 வோல்ட். அது அசையாமல் நிற்கும். மற்றவர் அதன் மேல் துடிக்கும் சிறு அலை, அதுதான் குரல். அடுத்த வால்வின் நடுக்கம்பிக்கு குரல் மட்டும்தான் வேண்டும். அந்த 200 வோல்ட்டும் கூடப் போய்ச் சேர்ந்தால், பலகையை ஒரேயடியாகத் திறந்து விட்டதுபோல மின்னோட்டம் கட்டுமீறிப் பாயும், தகடு சிவந்து பழுக்கும். ஆகவே இரண்டு கட்டங்களுக்கும் நடுவே ஒரு காவலாளி வேண்டும். நிலையான மின்னழுத்தத்தை மறித்து, அசைவை மட்டும் உள்ளே விடும் காவலாளி.

அந்த வேலைக்கு இரண்டு ஆட்கள் உண்டு. ஒருவர் நிலைமாற்றி, கடைப் பேச்சில் ட்ரான்ஸ்போமர். ஒரு சுருளில் மின்னோட்டம் மாறினால்தான் பக்கத்துச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், மாறாமல் நின்றால் ஒன்றும் பிறக்காது. இரண்டாமவர் கண்டென்சர். அதன் இரு தகடுகளுக்கும் நடுவே வழியே இல்லை, ஆனால் ஒரு பக்கம் துடித்தால் மறுபக்கமும் துடிக்கும். மூன்றாவது வழியும் இருக்கிறது, காவலாளியே இல்லாமல் நேரடியாகப் பூட்டுவது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி கலிபோர்னியாவுக்குப் போவோம். 1911இல் டி பொரஸ்ட் கையில் காசில்லாமல் பாலோ அல்ட்டோ என்ற சிறு ஊரில் இருந்த பெடரல் டெலிகிராப் கம்பனியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அதுவரை முதலாளியாக இருந்தவர் அவர். 1912 மார்ச்சில் பழைய பங்கு வியாபாரம் தொடர்பாக, தபால் மூலம் மோசடி செய்ததாகக் குற்றஞ்சாட்டி அவரைக் கைது செய்தார்கள். கம்பனிக்காரர்கள்தான் பிணை கட்டி வெளியே எடுத்தார்கள். சிறை தலைக்கு மேல் தொங்க, சார்ள்ஸ் லொக்வூட், ஹேர்பேர்ட் வான் எட்டன் என்ற இரண்டு உதவியாளர்களோடு அந்தக் கோடையில் ஒரு சின்ன வீட்டில் அவர் வேலை செய்தார். வாழ்க்கையில் அவர் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான்.

அவர்கள் ஓடியன்களை வரிசையாக வைத்து, ஒன்றின் தகட்டை அடுத்ததன் நடுக்கம்பியோடு நிலைமாற்றி வழியாகக் கோத்தார்கள். மூன்று கட்டம். காதில் வைக்கும் குழாயில் அரைகுறையாகக் கேட்டது அறை முழுவதும் கேட்டது. கடதாசியில் ஈ நடக்கும் சத்தத்தைப் பெருக்கிக் கேட்டார்கள் என்று அந்த ஊரில் இன்றும் கதை சொல்கிறார்கள். அதே காலத்தில் வியன்னாவில் ரொபேர்ட் வொன் லீபன் என்பவரும் பெருக்கும் குமிழ் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் 1913இல் இளவயதிலேயே மரணித்தார். எனவே உலகில் தனியொருவர்தான் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுக்கு அம்பிளிபயரை விலைபோகும் பொருளாக்கியவர் டி பொரஸ்ட்தான்.

அந்தக் கோடையில் இன்னொன்றும் நடந்தது. வெளியீட்டின் ஒரு பங்கு எப்படியோ உள்ளீட்டுக்குத் திரும்பிப் போனபோது சர்க்கிட் ஊளையிட்டது. பள்ளிவாசலில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் வரும் அந்தக் கீச்சு, நாம் எல்லோரும் காதைப் பொத்தியிருக்கிறோம். அங்கே காற்று வழியாகத் திரும்பும் சத்தம், இங்கே கம்பி வழியாகத் திரும்பியது. 1912 ஓகஸ்ட் 6ஆம் திகதி வான் எட்டன் இதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். டி பொரஸ்ட்டுக்கு அது தொல்லையாகவே பட்டது. அதை எப்படி இல்லாமல் செய்வது என்பதுதான் அவருடைய கவலை. இந்த ஒரு பக்கக் குறிப்பு இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் வரை போகும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

அம்பிளிபயர் அப்போது யாருக்கு மிக அவசரமாகத் தேவைப்பட்டது என்றால், ரேடியோக்காரர்களுக்கு அல்ல, தொலைபேசிக் கம்பனிக்கு. கம்பியில் போகப்போகக் குரல் தேய்ந்துவிடும். நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பேச வேண்டுமென்றால் வழியில் ஆங்காங்கே குரலுக்கு உயிர் கொடுக்க வேண்டும். 1912 இறுதியில் டி பொரஸ்ட் தன் பெட்டியை ஏ.டி.அன்ட்.டி. கம்பனிக்குக் காட்டினார். அங்கே ஹரல்ட் ஆர்னல்ட் என்ற இளம் பௌதிகவியலாளர் அதைப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டியவுடன் குமிழுக்குள் நீல ஒளி பரவிக் குரல் சிதைந்தது. டி பொரஸ்ட் உயிர் என்று நினைத்த வாயுவே இதற்கு நோய் என்று ஆர்னல்ட்டுக்கு உடனே விளங்கிவிட்டது. நல்ல வெற்றிடத்தோடு செய்வித்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியில் இர்விங் லாங்மூரும் இதே முடிவுக்கு வந்தார்.

1913இல் ஏ.டி.அன்ட்.டி. தொலைபேசிப் பாவனைக்கான உரிமையை 50,000 டொலருக்கு வாங்கியது. அடுத்த வருடம் ரேடியோப் பாவனைக்கு 90,000 டொலர் கொடுத்தது. இதற்கிடையில் 1913 கடைசியில் மோசடி வழக்கு விசாரணைக்கு வந்தது. ஒன்றுக்கும் உதவாத ஒரு விளக்கைக் காட்டிச் சனத்தை ஏமாற்றினார் என்று அரச தரப்பு வாதிட்டது. உலகின் மிகப் பெரிய தொலைபேசிக் கம்பனி சில மாதங்களுக்கு முன்னர்தான் அந்த விளக்குக்குக் காசு எண்ணியிருந்தது! டி பொரஸ்ட் விடுதலையானார். கூட நின்றவர்களில் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள்.

1915 ஜனவரி 25ஆம் திகதி நியூயோர்க்கில் கிரகாம் பெல்லும் சான் பிரான்சிஸ்கோவில் வொட்சனும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். வழியில் நின்று குரலுக்குக் கைகொடுத்தவை ஓடியனின் பிள்ளைகள். அந்த மேடையில் டி பொரஸ்ட்டின் பெயர் பெரிதாக அடிபடவில்லை. இதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இப்போது ஆர்ம்ஸ்ட்ரோங். எட்வின் ஆர்ம்ஸ்ட்ரோங் கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவர். ஓடியனுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று கருவி வைத்து அளந்து பார்த்தார். டி பொரஸ்ட் தொல்லை என்று நினைத்த அந்தத் திரும்பும் சமிக்ஞையை அளவோடு விட்டால், ஒரே வால்வு பல வால்வுகளின் வேலையைச் செய்யும் என்றும், அளவு மீறினால் அதுவே ரேடியோ அலையை உற்பத்தி செய்யும் என்றும் கண்டார். 1913 ஒக்டோபரில் விண்ணப்பித்து 1914இல் காப்புரிமை பெற்றார். டி பொரஸ்ட் தன் 1912 குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு வழக்குக்குப் போனார். கீழ் நீதிமன்றம், மேல் நீதிமன்றம் என்று தீர்ப்புகள் மாறி மாறி வந்தன. 1934இல் அதியுயர் நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ எழுதிய தீர்ப்பு டி பொரஸ்ட்டுக்குச் சாதகமாக வந்தது.

பொறியியலாளர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. ஆர்ம்ஸ்ட்ரோங் ரேடியோ பொறியியலாளர் நிறுவனம் தனக்குக் கொடுத்திருந்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த வருடக் கூட்டத்துக்குப் போனபோது, நிறுவனம் வாங்க மறுத்துவிட்டது. சட்டம் ஒரு பக்கம், தொழில் தெரிந்தவர்கள் மறு பக்கம். நான் இந்த விடயத்தில் ஆர்ம்ஸ்ட்ரோங் பக்கம்தான். ஊளை கேட்டவர் வேறு, ஊளையைப் பாட்டாக்கியவர் வேறு. டி பொரஸ்ட் தன் மூன்று கட்ட அம்பிளிபயரோடு நின்றிருந்தால் அவருடைய பெயருக்கு ஒரு குறையும் வந்திராது. அடுத்தவரின் வயலிலும் வரம்பு போடப் போனதுதான் பிழைத்தது. ஆர்ம்ஸ்ட்ரோங் வேறு வழக்குகளிலும் நொந்து 1954இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

கோக்கும் கலை இதற்கிடையில் பல கைகளில் வளர்ந்தது. 1920களின் செட்டுகளில் நிலைமாற்றிதான் அரசன். அன்றைய வால்வின் பெருக்கம் குறைவு, நிலைமாற்றியின் இரண்டாம் சுருளில் சுற்றைக் கூட்டினால் மூன்று ஐந்து மடங்கு இலவசமாகக் கிடைக்கும். ஆனால் விலை கூட, பாரம் கூட, அடித்தொண்டைச் சத்தமும் மெல்லிய சத்தமும் அதில் தேய்ந்துவிடும். இரண்டு நிலைமாற்றிகளைக் கிட்டக் கிட்ட வைத்தால் ஒன்றோடொன்று பேசி ஊளையிடும். அதனால் ஒன்றை நிமிர்த்தி மற்றதைச் சரித்துப் பூட்டுவார்கள். 1930களில் பெருக்கம் கூடிய வால்வுகள் வந்ததும் அந்த இடத்தை ஒரு சின்னக் கண்டென்சரும் ஒரு தடையியும் பிடித்துக்கொண்டன.

இங்கே ஒரு கணக்கு. கண்டென்சர் 0.01 மைக்ரோஃபராட், அடுத்த கட்டத்தின் தடையி 470 கிலோஓம் என்றால் 34 ஹேர்ட்ஸ் அளவுக்குக் கீழே சத்தம் குறையத் தொடங்கும். மனிதக் குரலுக்கு அது தாராளம். ட்ரான்சிஸ்டர் வந்தபோது உள்வாயிலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிட்டது. அதே 0.01ஐப் போட்டால் வெறும் கீச்சுத்தான் மிஞ்சும். அதனால் 10 மைக்ரோஃபராட் எலெக்ட்ரோலிட்டிக் போட வேண்டியதாயிற்று. வால்வு செட்டில் பழகிய கை ட்ரான்சிஸ்டர் செட்டில் தடுமாறியது இந்த இடத்தில்தான். நம் பக்கத்தில் உப்புக் காற்று வேறு. எலெக்ட்ரோலிட்டிக்கின் கால் பச்சை பூத்து அறுந்துபோகும். மாமாவின் லாச்சியில் வேறு எது முடிந்தாலும் 10 மைக்ரோஃபராட் முடியாது. முடிவதற்கு முன்னரே கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து வந்துவிடும்.

இலங்கைக்கு இந்த அடுக்கு அம்பிளிபயர் தந்தித் திணைக்களம் வழியாக வந்தது. 1921இல் இங்கு தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வேர்ட் ஹார்ப்பர், கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் ஒரு சிறு அறையிலிருந்து பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் கருவிகள் அதற்குப் பயன்பட்டதாகச் சொல்வார்கள். 1925 டிசம்பர் 16ஆம் திகதி வெலிக்கடையிலிருந்து கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமானது. பின்னர் அது ரேடியோ சிலோன் ஆனதும், முஸ்லிம் சேவை நோன்புக் காலத்தில் நம் வீடுகளை நிறைத்ததும் வாசகர்கள் அறிந்ததே. கொழும்பிலிருந்து புறப்பட்ட அந்தச் சிறு அலை மருதமுனையில் ஒரு தறி வீட்டுக்குள் பாட்டாகக் கேட்பதற்கு, ரேடியோவுக்குள் நாலைந்து கட்டம் ஒன்றையொன்று கைபிடித்து நிற்க வேண்டும். ட்ரான்சிஸ்டர் செட்டைத் திறந்தால் மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலை கொண்ட சின்னத் தகரப் பெட்டிகள் தெரியும். ஐ.எஃப்.டி. என்போம். டி பொரஸ்ட் பாலோ அல்ட்டோவில் கட்டங்களுக்கு நடுவே வைத்த நிலைமாற்றியின் பேரப்பிள்ளைகள் அவை.

டி பொரஸ்ட் என்ற மனிதர் குடும்ப வாழ்க்கையிலும் கட்டங்களைக் கோக்கத் திண்டாடியவர். நான்கு முறை திருமணம் செய்தார். இரண்டாவது மனைவி நோரா பிளாட்ச், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் பட்டம் பெற்ற முதல் பெண். கணவனின் ஆய்வுகூடத்தில் அவரும் வேலை செய்தார். அவர் தொழிலை விட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்று கணவர் எதிர்பார்த்தார். அவர் இருக்கவில்லை, பிரிந்தார்கள். நான்காவது மனைவி மேரி மொஸ்கீனி, மௌனப்பட நடிகை. 1930இல் நடந்த அந்தத் திருமணம் மட்டும் அவர் இறக்கும்வரை நிலைத்தது.

ஒலிபரப்பில் அவருடைய ஆர்வம் உண்மையானது. 1910 ஜனவரியில் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒப்பெரா அரங்கிலிருந்து கருசோவின் பாட்டைக் காற்றில் விட்டார். கேட்டவர்கள் கொஞ்சப் பேர், கேட்டதும் அரைகுறை. 1916 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பி, இரவு நிலையத்தை மூடும்போது ஹியூஸ் வென்றார் என்று அறிவித்துவிட்டுப் போனார்கள். வென்றவர் வில்சன். வானொலியில் தன் கம்பனிச் சாமான்களுக்கு விளம்பரம் செய்தவரும் அவரே. அதே மனிதர்தான் 1946இல், வானொலியை விளம்பரத்தாலும் மலிவான பாட்டாலும் கெடுத்துவிட்டார்கள் என்று ஒலிபரப்பாளர்களுக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார்.

1923 ஏப்ரலில் நியூயோர்க்கின் ரிவோலி அரங்கில் போனோஃபில்ம் என்ற பேசும் படத்தைக் காட்டினார். படச்சுருளின் ஓரத்திலேயே ஒலியைப் பதிக்கும் முறை அது. அதிலும் தியடோர் கேஸ் என்பவருடைய உழைப்புப் பெரும் பங்கு, அதிலும் தகராறு. ஹொலிவூட் கண்டுகொள்ளவில்லை. சில வருடங்கள் கழித்துப் பேசும் படம் வந்தபோது லாபம் மற்றவர்களுக்குப் போனது. ஆனாலும் படச்சுருளில் பதிந்த அந்த மெல்லிய ஒலி அரங்கம் முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் அடுக்கு அம்பிளிபயர் இல்லாமல் நடக்காது. கல்முனையில் படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கும் அவர் அந்த வகையில் கடன் கொடுத்தவர். 1960இல் ஒஸ்கார் விழாவில் இதற்காக அவருக்குக் கௌரவ விருது கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 86.

இனி அந்த மூன்றாவது வழி. காவலாளி இல்லாமல் ஒரு கட்டத்தை நேரடியாக அடுத்ததோடு பூட்டுவது. வால்வு யுகத்தில் சிலர் முயன்றார்கள். மின்னழுத்தம் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும், முதல் கட்டத்தில் சூட்டால் சிறு நகர்வு ஏற்பட்டாலும் கடைசிக் கட்டம் அதைப் பெருக்கி நிலைகுலைந்துவிடும். அதனால் சாதாரண செட்டுகளில் அது பரவவில்லை. ஆனால் ஒரே சிலிக்கன் துண்டில் பல ட்ரான்சிஸ்டர்களைச் செதுக்கும் ஐ.சி. வந்தபோது நிலைமை தலைகீழானது. அந்தத் துண்டில் ட்ரான்சிஸ்டர் வைக்க இடம் உண்டு, பெரிய கண்டென்சர் வைக்க இடமே இல்லை. எனவே சோடி சோடியாக ட்ரான்சிஸ்டரை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றின் நகர்வை மற்றதால் சமன்செய்து, எல்லாவற்றையும் நேரடியாகக் கோத்தார்கள். ஐ.சி.க்கள் முதன்முதலாகக் கடைக்கு வந்தது 1961இல்.

2004 டிசம்பர் 26 காலை சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் இருந்த மாமாவின் வீடு கடலோடு போனது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் அருள். வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த வால்வுகளும் நிலைமாற்றிகளும் நிறைந்த மரப்பெட்டியும் போனது. பிறகு கடையைத் திறந்தார், ஆனால் திருத்த வருபவை மாறிவிட்டன. இன்று ஒரு பாண் ஆட்டோவின் பெட்டியைத் திறந்தால் உள்ளே நகம் அளவு ஐ.சி. ஒன்று. அதற்குள் எத்தனையோ கட்டம், எதையும் விரலால் தொட முடியாது. உள்ளே போகும் வழியில் ஒரு கண்டென்சர், சில பெட்டிகளில் ஸ்பீக்கருக்கு வெளியே வரும் வழியில் இன்னொன்று. அந்த இரண்டையும் மாற்றிப் பார்ப்பார். சரிவராவிட்டால் ஐ.சி.யையே கழற்றி எறிந்து வேறு போடுவார். அதில் அவருக்கு ஒரு திருப்தியும் இல்லை என்பது முகத்தில் தெரியும்.

டி பொரஸ்ட் 1936இல் வங்குரோத்தானார். 180க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. சம்பாதித்ததை வழக்குகளிலும் புதுக் கம்பனிகளிலும் கரைத்தார். முதுமையிலும் ஆய்வுகூடத்துக்குப் போய் வந்தார். ஐ.சி.க்கள் விலைக்கு வரத் தொடங்கிய அதே 1961இல், ஜூன் 30ஆம் திகதி ஹொலிவூட்டில் தன் வீட்டில் காலமானார். வயது 87. வங்கிக் கணக்கில் மிஞ்சியிருந்தது 1,250 டொலர்.